அரியணையில் தவறான ஆள்: ஷேக்ஸ்பியரின் புரவலரை வானொலியும் தொலைக்காட்சியும் காட்டும் விதம் - ஒரு நிகழ்வு ஆய்வு

1603 மே 19ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்றில் ஒன்பது நடிகர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் லாரன்ஸ் ஃபிளெட்சர், இரண்டாவது வில்லியம் ஷேக்ஸ்பியர், மூன்றாவது ரிச்சர்ட் பர்பேஜ். அன்றிலிருந்து அந்தக் குழு 'மன்னரின் ஆட்கள்'. மன்னர் என்றால் ஸ்காட்லாந்திலிருந்து வந்து லண்டனில் கால் வைத்து இரண்டு வாரமே ஆகியிருந்த முதலாம் ஜேம்ஸ். ஷேக்ஸ்பியருக்கு அரசுப் புரவலர் என்று காகிதத்தில் காட்டக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

ஒலிபரப்பிலும் ஒளிபரப்பிலும் நிலைமை தலைகீழ். ஷேக்ஸ்பியர் ஒரு பாத்திரமாக வரும் நாடகத்தில் அரியணை என்று ஒன்று இருந்தால், அதில் பெரும்பாலும் ஜேம்ஸுக்கு முன் ஆண்ட முதலாம் எலிசபெத் உட்கார்ந்திருப்பார். வெள்ளைப் பூச்சு முகம், செந்நிறப் பொய்முடி, விசிறிபோல் விரிந்த கழுத்துப்பட்டை எல்லாம் இருக்கும். கவிஞர் மண்டியிடுவார், அரசி அவரை அதட்டுவார், பிறகு சிரித்துவிட்டு ஒரு நாடகம் கேட்பார். இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்தது, எங்கெங்கே தடுக்கி விழுகிறது, சரியாகச் செய்ய என்ன தேவை என்பதே இந்த ஆய்வு.

யார் யாருக்குப் புரவலர்

எலிசபெத்துக்குச் சொந்தமாக ஒரு நாடகக் குழு இருந்தது உண்மை. 1583இல் பன்னிரண்டு நடிகர்களைப் பொறுக்கி எடுத்து அமைத்த 'அரசியின் ஆட்கள்' அது. ஷேக்ஸ்பியர் அதில் இருந்ததற்கு ஆவணம் கிடையாது. 1594 முதல் அவர் இருந்த குழுவின் புரவலர் ஹென்றி கேரி, ஹன்ஸ்டன் பிரபு. அரசியின் பெரியம்மா மகன், அரண்மனைத் தலைமை அதிகாரி. 1596இல் அவர் இறந்ததும் மகன் ஜார்ஜ் கேரி புரவலரானார். தந்தை வகித்த பதவி அவருக்கு 1597இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பதவியில் இருந்தவர் கோபம் பிரபு. ஷேக்ஸ்பியரின் நகைச்சுவைப் பாத்திரமான ஃபால்ஸ்டாஃபுக்கு முதலில் இருந்த ஓல்டுகாசில் என்ற பெயர் அவருடைய குடும்ப முன்னோர் ஒருவருடையது. பெயர் மாறிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

அரசி இந்தக் குழுவைத் தாங்கிப் பிடிக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கொடுத்துப் பார்த்தார். ஒரு நாடகத்துக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கூலி, அதன் மேல் 3 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் அரசியின் வெகுமதி, ஆகமொத்தம் 10 பவுண்டு. 1594 கிறிஸ்துமஸ் காலத்தில் கிரீனிச் அரண்மனையில் ஆடிய இரண்டு நாடகங்களுக்கு, 1595 மார்ச்சில் கெம்ப், ஷேக்ஸ்பியர், பர்பேஜ் மூவர் பெயரிலும் 20 பவுண்டு எழுதப்பட்டிருக்கிறது. அரசவைக் கணக்கில் ஷேக்ஸ்பியர் பெயர் பணம் பெற்றவராக வரும் இடம் இதுதான். வாடிக்கையாளர் என்ற சொல் அரசிக்குப் பொருந்தும்; புரவலர் என்றால் கொஞ்சம் தாராளமாகச் சொல்வதாகும்.

ஜேம்ஸ் காலத்தில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. 1603இல் லண்டனில் கொள்ளைநோய், அரங்குகள் மூடிக்கிடந்தன. டிசம்பர் 2 அன்று வில்ட்டன் மாளிகையில் மன்னர் முன் ஒரே ஒரு நாடகம்; மோர்ட்லேக்கிலிருந்து அங்கே வந்து ஆடியதற்குக் குழு நடிகர் ஹெமிங்ஸ் பெயரில் 30 பவுண்டு. வழக்கமான தொகைக்கு மூன்று மடங்கு. 1604 பிப்ரவரியில், நோயால் ஆட முடியாமல் இருந்த குழுவின் பராமரிப்புக்கென்று பர்பேஜ் கையில் இன்னொரு 30 பவுண்டு. ஆடாத நாளுக்கும் பணம் வருகிறது என்பதுதான் புரவலர் இருப்பதற்கு அடையாளம். மார்ச் 15 அன்று மன்னரின் நகர ஊர்வலத்துக்காகத் தலைக்கு நாலரை கெஜம் சிவப்புத் துணி. அந்தப் பட்டியலில் ஷேக்ஸ்பியர் பெயர் முதலில் வருகிறது. அவர்கள் ஊர்வலத்தில் நடந்தார்களா என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. திரைக்கதை எழுதுபவர் இதை மறந்துவிடக் கூடாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயின் தூதர் சாமர்செட் மாளிகையில் தங்கியபோது, குழுவைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் பதினெட்டு நாள் அங்கே பணிவிடைக்கு நின்றார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங், மொத்தம் 21 பவுண்டு 12 ஷில்லிங். நாடகம் எதுவும் ஆடியதாகக் குறிப்பு இல்லை. அலங்காரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆவணத்தில் ஃபிலிப்ஸ், ஹெமிங்ஸ் பெயர்களும் 'மற்றும் பத்து பேர்' என்ற சொல்லும் இருக்கின்றன. ஷேக்ஸ்பியர் அந்தப் பத்தில் ஒருவராக இருக்கலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. உலகின் மிகப் பெரிய நாடகாசிரியர் ஒரு மாளிகை வாசலில் சீருடை போட்டுக் கைகட்டி நிற்கும் சாத்தியம்! எலிசபெத்தை வைத்து எழுதிய பத்துக் காட்சிகளைவிட இது கூர்மையானது. ஆனால் கதை தேடுபவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

திரையில் நடந்தது

வரிசையாக எல்லாவற்றையும் அடுக்கத் தேவையில்லை. வழி காட்டும் சிலவற்றைப் பார்த்தால் போதும்.

பெர்னார்ட் ஷா 1910இல் எழுதிய 'சானெட்டுகளின் கரிய நங்கை' குறுநாடகத்தில், ஒயிட்ஹால் மாடியில் இரவில் காதலிக்காகக் காத்திருக்கும் ஷேக்ஸ்பியர் முக்காடிட்ட ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறார். முக்காட்டுக்குள் இருப்பது எலிசபெத். அரசுச் செலவில் தேசிய அரங்கு ஒன்று கட்டித் தாருங்கள் என்று கவிஞர் கேட்க, கஜானாக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்கிறார் அரசி. ஷா இதை எழுதியதே தேசிய அரங்குக்கான இயக்கத்துக்காகத்தான். போரால் நின்றுபோன பிபிசி தொலைக்காட்சி 1946 ஜூன் 7 அன்று மீண்டும் தொடங்கியபோது, முதல் நாள் நிகழ்ச்சிகளில் இந்த நாடகமும் இருந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்த ஜோடி முதல் நாளிலேயே குடியேறிவிட்டது.

1965 மே மாதம் 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி சேஸ்' கதையின் முதல் பகுதியில், காலத்தைத் தாண்டிப் பார்க்கும் ஒரு கருவியின் திரையில் எலிசபெத், ஷேக்ஸ்பியர், பிரான்சிஸ் பேக்கன் மூவரும் சில நிமிடம் வருகிறார்கள். ஃபால்ஸ்டாஃப் ஓல்டுகாசிலைக் கேலி செய்கிறதா என்று அரசி கேட்கிறார். பிறகு ஃபால்ஸ்டாஃபைக் காதலனாகப் பார்க்க வேண்டும் என்கிறார். போகிற போக்கில் பேக்கன் ஹாம்லெட் கதையை எடுத்துக் கொடுக்கிறார். குழந்தைகளும் பார்க்கும் அறிவியல் புனைவில் ஓல்டுகாசில் சிக்கலைச் சொருகியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் ஃபால்ஸ்டாஃபைக் காதலனாக்கக் கேட்ட கதையின் வயது முக்கியம். அரசி கேட்டதால் 'வின்ட்சரின் குறும்புப் பெண்கள்' பதினான்கு நாளில் எழுதப்பட்டது என்று ஜான் டென்னிஸ் எழுதியது 1702இல். காதல் பகுதியை நிக்கலஸ் ரோ சேர்த்தது 1709இல். நாடகம் எழுதி நூறு ஆண்டு கழித்து முளைத்த பேச்சு இது.

1978இல் ஜான் மார்ட்டிமர் எழுதி டிம் கர்ரி நடித்த ஆறு பகுதித் தொடர் 'வில் ஷேக்ஸ்பியர்' இந்த வகையில் கனமானது. அரசிக்கு எதிராக எசெக்ஸ் பிரபு நடத்திய கலகம் அதில் ஒரு முழுப் பகுதியை எடுத்துக்கொள்கிறது. அந்த நிகழ்வின் ஆவணங்கள் தெளிவானவை. 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் கேட்டுக்கொண்டபடி, மன்னர் ஒருவர் அரியணை இழக்கும் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகம் குழுவின் குளோப் அரங்கில் ஆடப்பட்டது. வழக்கமான வரும்படிக்கு மேல் 40 ஷில்லிங் தந்தார்கள். நாடகம் பழசு, கூட்டம் வராது என்று குழு தயங்கியது. மறுநாள் கலகம். விசாரிக்கப்பட்டவர் குழு நடிகர் அகஸ்டின் ஃபிலிப்ஸ், விசாரித்தவர்கள் நீதிபதிகள். ஷேக்ஸ்பியரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை, அரசியும் அந்த அறையில் இல்லை. பிப்ரவரி 24 அன்று அதே குழு ஒயிட்ஹாலில் அரசி முன் ஆடியது. 25ஆம் தேதி காலை எசெக்ஸின் தலை போனது.

இந்த நிகழ்வைத் தொடும் எந்த எழுத்தாளருக்கும் கவிஞரை அரசி முன் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை வரும். 'நான்தான் இரண்டாம் ரிச்சர்ட், தெரியாதா உனக்கு?' என்று அரசி லம்பார்டு என்ற ஆவணக் காப்பாளரிடம் சொன்னதாக வரும் வரியைத் தூக்கிக் கவிஞர் பக்கம் திருப்பிவிட்டால் காட்சி தயார். அந்த உரையாடலின் நம்பகத்தன்மையே வல்லுநர்களிடையே விவாதத்தில் இருக்கிறது. அதைவிட, பிப்ரவரி 24 இரவை நேராகக் காட்டினால் போதும்: நாளை சாகப்போகிறவரைப் பற்றி அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க முடியாது, நகைச்சுவையா சோகமா என்ன ஆடினார்கள் என்பதும் பதிவில் இல்லை.

நகைச்சுவைத் தொடர்களில் பிழையே பாதி சரக்கு. அவற்றைத் திருத்தப் போவது வீண். 'பிளாக்ஆடர் பேக் அண்ட் ஃபோர்த்' (1999) படைப்பில் மிராண்டா ரிச்சர்ட்சனின் எலிசபெத் அரண்மனையில் கொலின் ஃபர்த்தின் ஷேக்ஸ்பியர் 'மேக்பெத்' கையெழுத்துப் படியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அரசி இறந்தது 1603, நாடகம் ஏறத்தாழ 1606. 'அப்ஸ்டார்ட் குரோ' (2016 முதல்) தொடரில் ராபர்ட் கிரீன் அரசவைக் கேளிக்கைத் துறையின் தலைவர். உண்மையில் அந்தப் பதவியில் 1579 முதல் 1610 வரை இருந்தவர் எட்மண்ட் டில்னி. கிரீன் 1592இலேயே செத்துப்போனார். ஷேக்ஸ்பியரைத் தாக்கி எழுதிய எதிரியையே தணிக்கை நாற்காலியில் உட்காரவைத்தது தொடரை எழுதிய பென் எல்ட்டனின் சாமர்த்தியம். தெரிந்தே செய்த பிழை, கதைக்கு வேலை செய்கிறது. அதே தொடரின் 2017 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில் எம்மா தாம்சன் எலிசபெத்தாக வந்தார்.

2007 ஏப்ரலில் வந்த 'டாக்டர் ஹூ'வின் 'தி ஷேக்ஸ்பியர் கோட்' 1599இல் நடக்கிறது. கடைசியில் ஏஞ்சலா பிளெசன்ஸின் எலிசபெத் குளோப் அரங்குக்கே வந்து நிற்கிறார். எலிசபெத் பொது அரங்குக்கு வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. நாடகம்தான் அரசியிடம் போகும். அரசி நாடகத்திடம் போகமாட்டார். இந்தத் தவறு எல்லா ஊடகத்திலும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பட்ஜெட்டும் கதையமைப்பும்: குளோப் செட் ஏற்கெனவே இருக்கிறது, உச்சக்காட்சி அங்கே நடக்கிறது, அதிகாரம் உள்ள ஒருவர் வந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும். இன்னொரு மாளிகை, இன்னொரு கூட்டம், இன்னொரு நாள் படப்பிடிப்பு என்று போக யாருக்கும் காசு கிடையாது.

ஜேம்ஸ் ஏன் வருவதில்லை

ஜேம்ஸ் திரைக்கு அந்நியர் அல்ல. 2004இல் ராபர்ட் கார்லைல், 2017இல் 'கன்பவுடர்' தொடரில் டெரெக் ரிடெல், 2018இல் 'டாக்டர் ஹூ'வில் ஆலன் கம்மிங், 2024இல் 'மேரி அண்ட் ஜார்ஜ்' தொடரில் டோனி கரன் என்று நல்ல நடிகர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர் வரும் கதைகளின் மையம் மன்னரைக் கொல்லத் தீட்டிய வெடிமருந்துச் சதி, சூனியக்காரி வேட்டை, படுக்கையறை அரசியல். நாடகக் குழுவுக்கு அங்கே இடமில்லை. கடைசியாகச் சொன்னதில் வரும், மன்னரின் அன்புக்குரிய பக்கிங்ஹாம் அரசவையில் தலையெடுத்தது 1614க்குப் பிறகு. ஷேக்ஸ்பியர் அதற்குள் எழுதுவதை விட்டுவிட்டார்.

இன்னொரு காரணம் சங்கடமானது. இந்தப் புரவலருக்கு நாடகத்தில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. 1604 ஜனவரியில் அரசவை வட்டாரத்தைச் சேர்ந்த டட்லி கார்ல்ட்டன் எழுதிய கடிதத்தில், மன்னர் ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்து உட்கார்ந்தார், ஆனால் அவற்றில் தனி மகிழ்ச்சி கொண்டதாகத் தோன்றவில்லை. ஜேம்ஸின் மனைவியான அரசியும் இளவரசரும்தான் நடிகர்களுக்கு நெருக்கம் என்கிறார். 1605 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் லத்தீன் நாடகங்களுக்கு நடுவே மன்னர் தூங்கியதும் எழுந்து போகப் பார்த்ததும் பதிவாகியிருக்கின்றன. அதட்டிச் சிரிக்கும் அரசியை எழுதுவது எளிது. காசும் பெயரும் கொடுத்துவிட்டு முன்வரிசையில் கொட்டாவி விடும் மன்னரை எழுத நல்ல கை வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு மன்னர் தம் கைப்பட அன்பான கடிதம் எழுதினார் என்ற கதையும் உண்டு. அது அச்சில் வந்ததும் 1709இல்தான், கடிதம் கிடைக்கவில்லை.

ஆவணப் படங்களில் மட்டும் தராசு நேராகிறது. ஜேம்ஸ் ஷபீரோ வழங்கிய 'தி கிங் அண்ட் தி பிளேரைட்' (பிபிசி ஃபோர், 2012) மூன்று பகுதிகளையும் ஜேம்ஸ் கால ஷேக்ஸ்பியருக்கே கொடுத்தது. அதே ஆண்டு ரேடியோ ஃபோரில் நீல் மெக்ரெகரின் 'ஷேக்ஸ்பியர்ஸ் ரெஸ்ட்லெஸ் வேர்ல்டு' இருபது பகுதிகளில், பகுதிக்கு ஒரு பொருளாக அக்காலத்தைச் சொன்னது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் இணைக்க ஜேம்ஸ் ஆசைப்பட்டபோது வரைந்து பார்த்த ஒன்றியக் கொடிகள் ஒரு பகுதி. 1604 ஊர்வலத்துக்குக் கட்டிய வெற்றி வளைவுகள் ஒரு பகுதி. மன்னர் வேடம் யாருக்கு, எந்தக் குரலில் என்ற சிக்கலே இல்லை. கேட்பவர் மனத்தில் மன்னர் தாமாக உருவாகிறார். வானொலியின் பலம் இது.

அரசவை ஆட்டத்தைக் காட்ட வேண்டுமானால்

வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்கும். கேளிக்கைத் துறை கிளர்க்கன்வெல் புனித ஜான் மாளிகையில் இருந்தது. குழுக்கள் டில்னி முன் நாடகத்தை ஓட்டிக் காட்டும், அவர் தேர்வு செய்வார், வெட்டுவார். ஆகவே கவிஞருக்கும் மன்னருக்கும் நடுவில் எப்போதும் ஓர் அதிகாரி இருக்கிறார். அவரைத் தூக்கிவிட்டு இருவரையும் நேரில் பேசவிடுவது பெரும்பாலான திரைக்கதைகளின் அடிப்படைத் தவறு.

இடம் அடுத்த பொறி. லண்டன் ஒயிட்ஹாலில் இன்று நிற்கும் விருந்து மண்டபம் இனிகோ ஜோன்ஸ் 1619-22இல் கட்டியது. ஷேக்ஸ்பியர் அதைப் பார்த்ததே இல்லை. 1604 நவம்பர் 1 அன்று 'ஒத்தெல்லோ' ஆடிய மண்டபம் 1581இல் மரமும் கித்தானும் கொண்டு தற்காலிகமாகக் கட்டி அப்படியே விட்டுவைத்தது. உண்மையான இடத்தில் படமெடுக்க வேண்டுமானால் ஹாம்ப்டன் கோர்ட் பெரிய மண்டபம் இருக்கிறது. 106 அடி நீளம், 40 அடி அகலம். 1603-04 கிறிஸ்துமஸில் மன்னரின் ஆட்கள் அந்த அரண்மனையில் ஆடினார்கள்.

மன்னரை எங்கே உட்காரவைப்பது? பலர் இருட்டில், பார்வையாளரோடு பார்வையாளராக வைக்கிறார்கள். அரசவையில் மன்னரும் ஒரு காட்சி. ஆக்ஸ்போர்டில் மேடைத் தோற்றம் நன்றாகத் தெரியும் இடத்தில் நாற்காலியைப் போட்டார்கள். அங்கிருந்தால் மன்னரைச் சபை சரியாகப் பார்க்க முடியாது என்று அரண்மனை அதிகாரிகள் சண்டை பிடித்துப் பின்னால் தள்ளிவைத்தார்கள். கடைசியில் மன்னருக்கு வசனம் காதில் விழவில்லை. கேமரா மேடையைக் காட்டிவிட்டு மன்னரின் முகத்துக்குத் தாவுவது மட்டும் போதாது; மன்னர் முகத்தைப் பார்த்து எப்போது சிரிக்கலாம் என்று காத்திருக்கும் நூறு முகங்கள் வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சம் மேடைக்கும் அவைக்கும் ஒன்றுதான். அவை இருண்டு மேடை மட்டும் ஒளிர்வது பிற்கால வழக்கம்.

'மேக்பெத்'தை ஜேம்ஸ் முன் ஆடிய காட்சி வைக்க எல்லோருக்கும் கை அரிக்கும். நாடகத்தில் வரும் பாங்க்கோ ஜேம்ஸின் முன்னோராகக் கருதப்பட்டவர், சூனியம் பற்றி அவரே 1597இல் நூல் எழுதியவர், எட்டு மன்னர்கள் அணிவகுக்கும் காட்சி வேறு இருக்கிறது. டென்மார்க் மன்னர் வந்திருந்த 1606 கோடையில் ஹாம்ப்டன் கோர்ட்டில் அது ஆடப்பட்டது என்பது ஊகம் மட்டுமே. பதிவாகியிருக்கும் முதல் ஆட்டம், 1611இல் சைமன் ஃபார்மன் என்ற ஜோதிடர் குளோபில் பார்த்தது.

ஆதாரம் உள்ள காட்சி வேண்டுமென்றால் 1604-05 குளிர்காலக் கேளிக்கைக் கணக்கேட்டைத் திறக்கலாம். 'ஒத்தெல்லோ', 'வின்ட்சரின் குறும்புப் பெண்கள்', 'அளவுக்கு அளவு', 'ஐந்தாம் ஹென்றி' என்று வரிசையாக இருக்கும். ஆசிரியர் பெயர் 'ஷாக்ஸ்பெர்டு' என்று எழுதியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்தபோது போலி என்று ஒதுக்கி, பிறகு சோதித்து உண்மையென ஏற்ற ஏடு இது. ஆவணப் படம் எடுப்பவர் அந்த வழக்கையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதில் பிப்ரவரி 10, ஞாயிறு, 'வெனிஸ் வணிகன்'. பிப்ரவரி 12, செவ்வாய், மறுபடியும் 'வெனிஸ் வணிகன்', 'மன்னரின் கட்டளைப்படி மீண்டும்' என்ற குறிப்போடு. அரைத் தூக்கப் புரவலர் ஒருவர் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தை இரண்டாம் முறை கேட்டார் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அந்த ஒரு வரி. வட்டிக்காரன் ஷைலாக்கிலோ, அடமானப் பத்திரத்திலோ, நீதிமன்றத்திலோ, சட்டத்தைப் பற்றிச் சளைக்காமல் பேசும் அந்த மன்னருக்கு எது பிடித்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. திங்களன்று ஓர் ஆள் குழுவிடம் வந்து செய்தி சொல்லியிருப்பான். அந்தத் திங்கட்கிழமையை நாற்பத்தைந்து நிமிட வானொலி நாடகமாக்க ஐந்து நடிகர்கள், ஒரு தூதன், கதவு தட்டும் ஒலி போதும். மன்னருக்குக் குரல்கூடத் தேவையில்லை.